ஓய்வு நாளில் பிள்ளைகளோடு: படமும் பயணமும்

‘விடுமுறையை நான் கழித்த விதம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு தோட்டப்புறத்து மாணவர்களைப் பணித்தால், அவர்களுள் பலர் இரண்டே வாக்கியங்களில் முடித்துவிடுகின்றனர். ‘நான் எங்கும் செல்லவில்லை. வீட்டில் தொலைக்காட்சி பார்த்தேன்.’ இதில் எழுத்துப் பிழையோ இலக்கணப் பிழையோ இல்லை. ஆயினும் படிக்கும் ஆசிரியருக்கு மனம் கனக்கிறது. சொல் அறியாமல் அப்பிள்ளை நின்றுவிடவில்லை. சொல்வதற்குரிய பொருள் அதனிடம் இல்லை. அப்பொருளைப் பள்ளி மட்டுமே தந்துவிட இயலாது. அதனால்தான் இக்கட்டுரை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பொதுவாக எழுதப்படுகிறது.

பெற்றோர் பக்கத்து நியாயத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் எழுந்து, ஆறு நாளும் செம்பனைக் காட்டில் குலை அறுத்தும் உதிரிப் பழம் பொறுக்கியும் உழைப்பவருக்கு ஏழாம் நாள் உறங்கத்தான் தோன்றும். அந்நாளிலும் வேலைக்குச் சென்றால் கூலி மிகுதி என்பதால் செல்வோரும் உளர். வாரந்தோறும் ஒரு முழு நாள் ஓய்வு தரப்படல் வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் விதித்திருக்கிறது. அந்த நாளில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. எல்லா வாரமும் வேண்டாம். மாதத்தில் ஒரு வாரமேனும் அப்பங்கை அவர்களுக்குக் கொடுங்கள்.

தமிழகத்துக் கதைகளில் ‘கோடை விடுமுறை’ என்று படிக்கிறோம். நம் நாட்டில் கோடை எனத் தனிப் பருவம் இல்லை. வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறி மாறி வருகின்றன. ஆகவே குடை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டால் எந்த வார இறுதியும் உல்லாசப் பயணத்திற்கு ஏற்றதே.

முதலில் திரைப்படத்தைப் பார்ப்போம். படம் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்று கூறுவோர் கட்சியில் நான் இல்லை. முன்னாளில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். லயத்து மக்கள் பாயும் சாக்கும் விரித்து அமர்ந்து பார்ப்பார்கள். முன்புறம் இடம் கிடைக்காதவர்கள் துணியின் பின்புறம் அமர்ந்து, கதாநாயகன் இடக்கையால் வாள் சுழற்றுவதைக் கண்டு களிப்பார்கள்! இன்று கிள்ளான் நகருக்குச் சென்று குளிர்சாதன அரங்கில் அமர்கிறோம். எந்த வயதினர்க்கு உரிய படம் என்று தணிக்கை வாரியம் குறித்திருப்பதை நுழைவுச் சீட்டு வாங்குமுன் பாருங்கள். பதினாறு, பதினெட்டு வயதினர்க்கெனக் குறித்த படத்திற்குத் தொடக்கப்பள்ளிப் பிள்ளையை அழைத்துச் செல்லுதல் தகாது.

மாணவர்களே, திரையில் மனிதர் நடப்பதாகக் காண்கிறோமே, உண்மையில் அங்கே எதுவும் அசைவதில்லை. அசையாத படங்கள் வினாடிக்கு 24 வீதம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைகின்றன. கண்ணும் மூளையும் அவற்றை இணைத்து அசைவாக உணர்கின்றன. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 9,000 வினாடி. அதை 24ஆல் பெருக்கினால் 2,16,000 படங்கள்! முன்பு இவை சுருளில் பதிக்கப்பட்டிருந்தன. அரங்குகளில் ஓடிய 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள் அடங்கும். அவ்வாறாயின் அப்படத்தின் நீளம் 13,500 அடி. அதாவது நான்கு கிலோமீட்டருக்கும் சற்று மேல். இக்காலத்து அரங்குகளில் சுருள் இல்லை, மின்னணு முறையே வழங்குகிறது. கணக்கு மட்டும் மாறவில்லை.

இன்னொரு செய்தி. மலாய்த் திரையுலகின் பெருங்கலைஞர் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம் 1950ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பக்தி’. அதனை இயக்கியவர் சென்னை மாகாணத்தில் பிறந்த எல். கிருஷ்ணன் ஆவார். படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் இவ்வாறான செய்திகளைப் பேசிக்கொண்டு வரலாம். ‘எந்தப் பாத்திரம் உனக்குப் பிடித்தது? ஏன்?’ என்று தாயார் கேட்கும் ஒரு கேள்விக்கு, வகுப்பில் வாய் திறவாத பிள்ளையும் பத்து வாக்கியம் பேசும்.

இனி, பயணம். கோலாலம்பூருக்குச் சென்றால்தான் பயணம் என்று பலர் கருதுகின்றனர். நம் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பந்திங் வழியாகத் தெற்கே செல்லும் சாலை மோரிப் கடற்கரையில் கொண்டுபோய் விடும். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டால் உணவுச் செலவும் இல்லை.

மோரிப்பிற்குச் சென்று, ‘கடலே இல்லை, வெறும் சேறு’ என்று சலித்துத் திரும்பியவர்கள் உண்டு. அவர்கள் வற்று நேரத்தில் சென்றவர்கள். அங்கே கரை மிகச் சரிவற்றது. ஆகவே நீர் வற்றும்போது கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடுகிறது. நம் மேற்குக் கரையில் நாளொன்றுக்கு இருமுறை கடல் பெருகி இருமுறை வற்றுகிறது. இதற்குத் தலைமைக் காரணம் நிலவின் ஈர்ப்பு. நிலவு பூமியைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதால், பெருக்கு நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பெருக்கும் வற்றும் மிகும். நாள்காட்டியைப் பார்த்துப் புறப்படுதல் சோதிடம் பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று!

வற்று நேரமும் வீணன்று. சேற்றில் தத்தித் திரியும் தெம்பாக்குல் மீனைப் பிள்ளைகள் அப்போதுதான் காண முடியும். மீன் நீரைவிட்டு வெளியே வந்தால் இறந்துவிடும் என்று படித்த மாணவன், அது சேற்றின்மேல் துள்ளுவதைக் கண்டால் நூறு வினாக்கள் எழுப்புவான். எழுப்பட்டும். ஆனால் சேற்றில் வெகுதொலைவு நடக்கவிடாதீர்கள். நீர் திரும்பும்போது விரைந்து வரும்.

இதே கரையில்தான், ஜப்பான் சரணடைந்த பின்னர், 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் படையினர் வந்திறங்கினர். அவர்களுள் இந்தியப் படைவீரர்களும் இருந்தனர். படை வண்டிகள் பல இந்தச் சேற்றிலே புதைந்து திணறின. இறங்கிய செய்தியைக் கூறும் நினைவுச் சின்னம் கடற்கரையில் உண்டு. அதில் எழுதியிருப்பதைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மலாய்மொழிப் பாடமும் ஆயிற்று.

நேரம் இருந்தால் ஜுக்ராவுக்கும் செல்லலாம். சிலாங்கூர் சுல்தான்களின் அரசிருக்கை முன்னாளில் அங்கே இருந்தது. 1898இல் மறைந்த சுல்தான் அப்துல் சமாட்டின் கல்லறையும், 1905இல் கட்டி முடிக்கப்பட்ட பண்டார் அரண்மனையும் உள்ளன. தட்டையான இக்கரையில் தனித்து உயர்ந்து நிற்கும் ஜுக்ரா குன்று மாலுமிகளுக்கு வழிகாட்டியாக விளங்கியது. போர்த்துகீசியர் அதனைப் பார்செலார் என்று வழங்கினர். இன்றும் அதன்மேல் கலங்கரை விளக்கம் இருக்கிறது. இவை தவிர, லங்காட் ஆற்றுக்கு அப்பாலுள்ள கேரித் தீவில் மா மெரிப் பூர்வகுடியினர் மரத்தில் முகமூடி செதுக்குவதையும் காணலாம். அதனை வேறொரு வாரத்திற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட முயன்றால் தந்தைக்குக் கோபமும் பிள்ளைக்குத் தூக்கமுமே மிஞ்சும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. சனிக்கிழமை காலை 10 மணிக்கு மோரிப்பில் கடல் முழுப் பெருக்கில் இருந்தது. மறுநாள் நீங்கள் குளிக்கச் செல்வதானால் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்தல் வேண்டும்? தெம்பாக்குல் மீனைக் காண்பதானால் எத்தனை மணிக்கு? நம் ஊர்ப் பெயரில் உள்ள ‘தெலுக்’, ‘பங்லிமா’, ‘காராங்’ ஆகிய மலாய்ச் சொற்களின் பொருளையும் கேட்டறிந்து எழுதுக. விடைகளைப் பெற்றோரிடம் காட்டிக் கையொப்பம் பெற்று, விடுமுறை கழிந்த முதல் நாளில் கொண்டு வருக.