மேடை ஏறாதவர்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற ஆண்டு கல்லூரி நாள் விழாவில் எனக்களிக்கப்பட்ட பணி திரை இழுப்பது. இயற்பியல் மாணவன் என்பதால் விளக்குச் சுவிட்சுகளும் என் பொறுப்பில் விடப்பட்டன. குழு நடனத்தின் நடுவில் சிவப்பு விளக்கைப் போட்ட பின்பு நீல விளக்கை அணைக்க வேண்டும். நானோ நீலத்தை முதலில் அணைத்துவிட்டேன். மேடை ஒரு கணம் இருண்டது. ஆடிய மாணவிகள் நிற்கவில்லை. எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. விழா முடிந்ததும் ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார், "நீ எங்கப்பா இருந்தே? கடைசி வரைக்கும் உன்னைக் காணலையே!" என்று கேட்டார்கள். "நான்தாம்மா திரை இழுத்தேன்" என்றேன். "அதுக்குன்னு ஒரு ஆள் உண்டா?" என்று வியந்தார்கள்.

அந்த வியப்பு என்னையும் பற்றிக்கொண்டது. ஆடுகிறவர்களைப் பற்றி நூல்கள் பல உண்டு. ஆட்டத்தை நடத்தி வைக்கிறவர்கள் யார்? இளங்கோவடிகள் இக்கேள்வியை மறக்கவில்லை. மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லப் புகுந்தவர், ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரை எல்லாம் வரிசைப்படுத்துகிறார். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவும் தருகிறார். மூவகைத் திரைகளைச் சொல்கிறார். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்ததைக்கூட விட்டாரில்லை. ஆனால் அந்த விளக்கை வைத்தவன் பெயர் அங்கும் இல்லை.

பெயரோடும் ஆண்டோடும் இத்தகையவர்களின் வரலாறு எங்கேனும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று தேடியபோது எனக்குக் கிடைத்தது, கடல் கடந்த ஒரு குழுவின் கதை. அமெரிக்காவின் மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக்குழுவே அது. தற்கால நடனம் என்று இன்று அழைக்கப்படும் கலையின் பெருந்தூண்களுள் ஒருவர் கன்னிங்ஹாம். 1953-இல் வட கரோலினா மாநிலத்துப் பிளாக் மவுண்டன் கல்லூரியில் ஒரு கோடை விடுமுறையின்போது இக்குழு தோன்றியது. 2011 டிசம்பர் 31-ஆம் நாள் நியூயார்க்கில் கடைசி முறையாக ஆடிவிட்டுக் கலைந்தது. இடைப்பட்ட ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் அதைத் தாங்கிய தோள்களைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் ஒரு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழுவின் இசைப் பொறுப்பாளர் ஜான் கேஜ். கன்னிங்ஹாமின் வாழ்நாள் துணைவரும் அவரே. நான்கரை நிமிட மௌனத்தை இசை என்று அரங்கேற்றி உலகத்தைத் திடுக்கிட வைத்தவர். அவருக்குக் காளான் ஆராய்ச்சியில் மிகுந்த ஈடுபாடு. 1959-இல் இத்தாலியத் தொலைக்காட்சியின் வினாடி வினாப் போட்டியில் காளானைப் பற்றிய கேள்விகளுக்கு எல்லாம் விடையளித்து ஐம்பது லட்சம் லிரா பரிசு பெற்றார். அப்பணத்தில் வாங்கிய வோக்ஸ்வேகன் வேன்தான் குழுவின் வாகனமாயிற்று. ஆடுகிறவர்கள் ஆறு பேர், இசைப்பவர்கள் இரண்டு பேர், ஸ்டேஜ் மானேஜர் ஒருவர் என ஒன்பது பேர் அதில் நெருக்கி அமர்ந்து ஊர் ஊராகச் சென்றனர். ஒன்பதில் ஓரிடம் மேடை ஏறாதவருக்கு! அவர் இடத்தில் இன்னொரு ஆடுகிறவரை ஏற்றிக்கொள்ளலாமே என்று யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் போய்ச் சேர்ந்த ஊரில் விளக்கெரிந்திராது.

இக்குழுவில் அவர் வேலை மற்ற இடங்களைவிடக் கடினமானது. நம் நாடகங்களில், "இந்த வசனம் முடிந்ததும் விளக்கை அணை" என்று சொல்லிவிடுவார்கள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் போதும். கன்னிங்ஹாமும் கேஜும் அந்தக் கயிற்றையே அறுத்துவிட்டார்கள். நடனம் தனியே அமைக்கப்பட்டது. இசை தனியே எழுதப்பட்டது. காட்சித் திரையும் உடையும் தனியே உருவாயின. பெரும்பாலும் முதல் நாள் ஆட்டத்தின்போதுதான் இவை ஒன்றையொன்று சந்தித்தன. ஒத்திகை மௌனத்தில், ஸ்டாப்வாட்சை வைத்து நடந்தது. இசையைக் கேட்டு விளக்கை மாற்ற முடியாது. இன்று கேட்ட இசை நாளை இராமலும் போகலாம். ஆகவே கடிகாரமும் கண்ணும்தான் துணை.

1954 முதல் 1964 வரை இக்குழுவின் காட்சியமைப்பையும் உடையையும் கவனித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் விளக்கையும் மேடையையும் சேர்த்துப் பார்த்தவர் ராபர்ட் ராஷன்பர்க் என்ற ஓவியர். 1963-இல் அமைந்த 'ஸ்டோரி' என்னும் நடனத்துக்கு அவர் நிலையான காட்சியமைப்பே செய்யவில்லை. எந்த ஊருக்குப் போகிறார்களோ அந்த அரங்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்த பொருள்களைக் கொண்டு அன்றன்று புதிதாக அமைத்தார். 1964-இல் இங்கிலாந்தின் டார்ட்டிங்டனில், அவரும் உதவியாளர் அலெக்ஸ் ஹேயும் மேடையின் பின்புறத்தில் நின்று சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக் கொண்டிருந்தார்களாம். அதுவே அன்றைய காட்சியமைப்பு! பின்னால் நடக்கும் வேலையை முன்னால் கொண்டுவந்து காட்டிய அந்தக் குறும்பை நான் மிகவும் இரசித்தேன்.

அதே ஆண்டு அமைந்த 'விண்டர்பிராஞ்ச்' நடனத்தை அவ்வாறு இரசிக்க என்னால் இயலவில்லை. மேடை பெரும்பாலும் இருட்டில் கிடக்கும். எதிர்பாராத போது ஒளி பாயும்; சில வேளை ஆடுகிறவர் மேல் படாமல் பார்ப்பவர் கண்ணைக் குத்தும். காசு கொடுத்து வந்தவரை இப்படி வருத்துவானேன்? ஆனால் விளக்கு இயக்குபவரின் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒளி எப்போது, எங்கே விழ வேண்டும் என்பதைப் புதிதாக அமைக்கும் பொறுப்பு அவருடையது. அவரும் ஆடுகிறவர்களில் ஒருவராகி விடுகிறார்.

1964-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இக்குழு உலகப் பயணம் புறப்பட்டது. ஐரோப்பாவில் தொடங்கி ஆறு மாதம். இந்தியாவுக்கும் வந்தது. அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தார் வரவேற்றனர். அக்குடும்பத்துக் கீதா சாராபாய்தான் 1946-இல் நியூயார்க்கில் கேஜுக்கு நம் இசையின் இயல்பைக் கற்பித்தவர். இங்கிருந்து தாய்லாந்து, ஜப்பான் என்று பயணம் நீண்டது. ஏறத்தாழ முப்பது நகரங்கள். ஒவ்வொன்றிலும் மேடையின் அளவு வேறு, மின்னழுத்தம் வேறு, சுங்க அதிகாரி வேறு. கடிதம் எழுதி நாள் குறித்தவர் டேவிட் வான். உடன் சென்று கணக்கும் பெட்டியும் பார்த்தவர் லூயிஸ் லாய்டு. பணம் எங்கிருந்து வந்தது? 1963-இல் கேஜும் ஓவியர் ஜேஸ்பர் ஜான்ஸும் ஒரு நிதியமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். நண்பர்களான ஓவியர்கள் தங்கள் படங்களை விற்பனைக்குக் கொடுத்தனர். அதில் திரண்ட தொகையும் இப்பயணத்துக்குக் கைகொடுத்தது.

பயணத்தின் நடுவே வெனிஸ் நகரில் ராஷன்பர்க்குக்கு ஓவிய உலகின் மிகப் பெரிய பரிசு கிடைத்தது. பத்திரிகைகள் எல்லாம் அவரையே சூழ்ந்தன. அந்தப் புகழோடு அவர் அடுத்த ஊருக்கும் போய் விளக்கையும் உடையையும் கவனித்தார். ஆனாலும் பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரைவிடப் பெரியவராகி விட்டால் குழுவுக்குள் மனக்கசப்பு வராமலிருக்குமா? வந்தது. பயணம் முடிந்ததும் அவர் விலகிவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, 1977-இல்தான் மீண்டும் ஒரு நடனத்துக்குக் காட்சியமைத்தார். இதில் யார்மீது தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை.

இனி என் பாடத்துக்கு நெருங்கிய செய்தி. 1965-இல் நியூயார்க்கில் 'வேரியேஷன்ஸ் ஐந்து' அரங்கேறியது. ஆடுகிறவர்களின் அசைவே ஒலியை எழுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மின்னிசைக் கருவி அமைப்பதில் பெயர்பெற்ற ராபர்ட் மூக், மேடையில் ஐந்தடி உயர ஆன்டெனாக்களை நட்டுக் கொடுத்தார். மனித உடல் அருகே வந்தால் ஆன்டெனாவின் மின்தேக்குத்திறன் மாறும். அந்த மாற்றமே ஒலியாகும். பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் பில்லி க்ளூவர் ஒளிமின்கலங்களைத் தந்தார். ஒளிக்கற்றையை ஆடுகிறவர் மறைக்கும்போதெல்லாம் மின்னோட்டம் மாற வேண்டும். சூத்திரம் சரிதான். மேடையில் வைத்துப் பார்த்தபோதோ, மேடை விளக்குகள் இருந்த இருப்பில் கலங்களுக்குப் போதிய ஒளி எட்டவில்லை. கடைசியில் அவற்றை ஆன்டெனாக்களின் அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒளிமின்கலத்தோடு மல்லுக்கட்டிய நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. தொலைவு இரட்டித்தால் ஒளிச்செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது தேர்வில் இரண்டு மதிப்பெண். மேடையிலோ அன்றைய ஆட்டத்தின் உயிர்.

1968-இல் வந்த 'ரெயின்ஃபாரஸ்ட்' நடனத்துக்கு ஆண்டி வார்ஹோலின் வெள்ளித் தலையணைகள் காட்சியமைப்பாயின. பளபளக்கும் பாலியெஸ்டர் தாளில் ஹீலியம் நிரப்பியவை. அந்தத் தாளைத் தேர்ந்து சொன்னவரும் க்ளூவரே. ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தூக்கும். வாயு சற்று மிகுந்தால் தலையணை விளக்குகளுக்கிடையே போய் மாட்டிக்கொள்ளும். குறைந்தால் தரையிலேயே கிடக்கும். இடைநிலையில் அது ஆடுகிறவர் கைபட்டு மெல்ல நகர வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் சிலிண்டரோடு உட்கார்ந்து தலையணைகளை நிரப்பிப் பதம் பார்த்தவர்களை எண்ணிப் பாருங்கள். சோறு வடிப்பதற்கு வேண்டிய அதே கைப்பக்குவம்! மறுநாள் பத்திரிகையில் வார்ஹோலின் பெயர் வரும், கன்னிங்ஹாமின் பெயர் வரும். பதம் பார்த்த கையின் பெயர் வராது.

பெயர் நின்ற சிலரும் உண்டு. அறுபதுகளின் பின்பகுதியில் இக்குழுவுக்கு ஒளியமைத்த பெவர்லி எம்மன்ஸ் பின்னாளில் பெரும் நாடக அரங்குகளின் ஒளியமைப்பாளராக விளங்கினார். உதவி ஸ்டேஜ் மானேஜராகச் சேர்ந்த சார்லஸ் அட்லஸ் எழுபதுகளில் காமிராவைக் கையிலெடுத்து, கன்னிங்ஹாமோடு சேர்ந்து நடனப் படங்களை எடுத்தார்.

எனக்கு எல்லாரினும் நெருக்கமாகத் தோன்றுபவர் மேலே சொன்ன டேவிட் வான். இலண்டனில் பிறந்தவர். ஆட வந்தவர். 1959-இல் கன்னிங்ஹாம் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் திறந்தபோது அதன் அலுவலைப் பார்க்க அமர்ந்தார். நிகழ்ச்சி நிரல், துண்டறிக்கை, கடிதம் எதையும் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்தார். 1976-இல் அவரைக் குழுவின் ஆவணக் காப்பாளராகவே நியமித்தார்கள். 1997-இல் வெளிவந்த ஐம்பதாண்டு வரலாற்று நூல் அவர் எழுதியது. 2017-இல் மறைந்தார். ஓவியம் சுவரில் நிற்கும், கவிதை ஏட்டில் நிற்கும். ஆடி முடித்த ஆட்டம் எங்கே நிற்கும்? அந்தக் காகிதக் கட்டு இல்லையேல் நான் இக்கட்டுரையை எழுதியிருக்கவே முடியாது.

2009 ஜூனில், கன்னிங்ஹாமின் தொண்ணூறாம் வயதில், ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. தம் காலத்துக்குப் பின் குழு இரண்டாண்டு உலகம் சுற்றி ஆடிவிட்டுக் கலைந்துவிட வேண்டும் என்றார் அவர். அடுத்த மாதமே, ஜூலை 26 அன்று காலமானார். அத்திட்டத்தில் என்னை நிறுத்தியது ஓரிடம். குழு கலையும்போது ஆடுகிறவர்களுக்கும் இசைப்பவர்களுக்கும் மட்டுமன்றி, மற்ற ஊழியர்களுக்கும் மாற்று வாழ்வைத் தேடிக்கொள்ள உதவித் தொகை என்று அதில் கண்டிருந்தது. ஆலை மூடும்போதுகூட எல்லாருக்கும் கிடைக்காத ஒன்று.

திட்டப்படியே எல்லாம் நடந்தது. காட்சிப் பொருள்களும் உடைகளும் மினியாபொலிஸ் நகரத்து வாக்கர் கலைக்கூடத்துக்குப் போயின. காகிதங்கள் நியூயார்க் பொது நூலகத்துக்குப் போயின. நடனங்கள் ஒவ்வொன்றாகத் தொகுக்கப்பட்டன. ஒரு தொகுப்பைத் திறந்தால் ஒளிப்படம், ஒலிப்பதிவு, கன்னிங்ஹாமின் குறிப்பு ஆகியவற்றோடு விளக்குகளின் வரைபடமும் உடையின் விவரமும் இருக்கும். இன்று ஏதேனும் ஓர் ஊரில் இளைஞர் சிலர் அந்நடனத்தை ஆட விரும்பினால், எந்த விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து எரிந்தது என்பதற்கு என்றோ ஒருவர் எழுதி வைத்த தாளைத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வாண்டு விழாவுக்கும் திரை என்னிடமே வந்திருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் மேடையின் படம், சுவிட்சுகளின் வரிசை. இரண்டாம் பக்கத்தில், "சிவப்பைப் போட்ட பின்பே நீலத்தை அணைக்க" என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு நான் இறுதியாண்டு. அதற்குப் பின் சுவிட்சருகே நிற்கப் போகும் தம்பிக்கு அந்த நோட்டு மின்பெட்டியின் மேல் இருக்கும்.