வாய்ப்பாடு படிக்க எக்ஸெல் போதும்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்டோர் கீப்பராக வேலை. வாரம் ஒரு ஷிப்ட். நான்காம் வகுப்பு படிக்கும் மகளிடம் "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டால், "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று ஆரம்பத்திலிருந்து ஓடி வருவாள். நடுவில் நிறுத்தினால் மறந்துவிடும். அவளுக்குத் தெரிந்தது பாட்டு, கணக்கு அல்ல.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். முந்திரி எனும் 1/320 வரை பின்னங்களும் அதில் உண்டு. எங்கள் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. பள்ளி சொல்லித் தரும். தினமும் கேட்க வேண்டியது நாம்தான்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் செய்தது இதுதான். லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் செய்யலாம்.

1. எக்ஸெலில் ஏ2 செல் முதல் கீழ்நோக்கி 2 முதல் 9 வரை டைப் செய்யுங்கள். பி1 முதல் வலப்பக்கமாகவும் அதேபோல் செய்யுங்கள்.

2. பி2-வில் சமக்குறி தட்டி, ஏ2-வைக் கிளிக் செய்து, எஃப்4 கீயை மூன்று முறை அழுத்துங்கள். பிறகு நட்சத்திரக் குறி. அடுத்து பி1-ஐக் கிளிக் செய்து எஃப்4 இரண்டு முறை, எண்டர். 4 என்று விடை வரும். இடையில் தோன்றும் டாலர் குறி, இழுக்கும்போது முகவரி மாறாமல் பூட்டி வைக்கும்.

3. பி2-வின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து ஐ2 வரை இழுங்கள். மவுஸை விட்டு, மறுபடி பிடித்து 9-வது வரிசை வரை இழுங்கள். 64 விடைகள் தயார்!

பயப்படாதீர்கள். 7×8-ம் 8×7-ம் ஒன்றே என்பதால் படிக்க வேண்டியது 36 தான். சுலபமான 2, 5, 9 வாய்ப்பாடுகளைக் கழித்தால் மீதி 15.

இந்த 15-ஐத் திரையைக் காட்டாமல் கலைத்துக் கலைத்துக் கேளுங்கள். தவறினாலோ தயங்கினாலோ அந்தக் கட்டத்தை 'ஃபில் கலர்' பட்டனால் மஞ்சளாக்குங்கள். மறுநாள் முதலில் மஞ்சளைக் கேளுங்கள். மூன்று நாள் தொடர்ந்து சரியாகச் சொன்னால் 'நோ ஃபில்'. பைலை சேவ் செய்ய மறக்காதீர்கள். நான் ஷிப்டில் இருக்கும்போது என் மனைவி அதைத் திறந்துதான் கேட்பார்.

முதல் நாள் மஞ்சள் 9. சென்ற வாரம் நைட் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தேன். 7×8 வெள்ளையாக இருந்தது. நம்பவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். பிரஷ்ஷை எடுக்காமலே சொன்னாள்: "ஐம்பத்தாறுப்பா."