சிறுகோள் கண்ட சென்னை வானநூலார்

ஞாயிற்றைச் சுற்றிவரும் கோள்களுள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பேரகலமான வெளியொன்று உண்டு. அவ்வெளியில் எண்ணிறந்த பாறைத் திரள்கள் தத்தம் பாதையிற் சுழன்று வருகின்றன. இவற்றையே சிறுகோள்கள் என்கின்றோம். இவற்றுள் முதலாவதாகிய சீரிசு என்பதை 1801 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி இத்தாலி நாட்டுப் பலெர்மோ நகரிற் பியாசி என்பார் கண்டார். இத்தகைய கண்டுபிடிப்புக்கள் மேனாட்டார்க்கே உரியன என்று நம்மிற் பலர் எண்ணுதல் கூடும். ஆனால், பாக்கு நீரிணைக்கு அப்பால், நம் அயலதாகிய சென்னை மாநகரிலிருந்தே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐந்து சிறுகோள்கள் கண்டறியப்பட்டன. அவற்றைக் கண்டவர் வரலாறும், அவர் தொழில் புரிந்த முறையும் மாணவர் அறியத்தக்கன.

சிறுகோளை எங்ஙனம் கண்டறிவது? தொலைநோக்கியில் அது விண்மீனைப் போலவே ஓர் ஒளிப்புள்ளியாகத் தோன்றும். வடிவாலோ நிறத்தாலோ அதனை வேறுபிரித்தல் இயலாது. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் இரவில் நின்று காரைநகர்க் கரையை நோக்குவார்க்கு விளக்குகள் பல தோன்றும். அவற்றுள் எது வீட்டு விளக்கு, எது தோணி விளக்கு என்பது பார்த்த அளவில் விளங்காது. சிறிது நேரங் கழித்து மீண்டும் நோக்கின், இடம்பெயர்ந்தது தோணி என்பது புலனாகும். சிறுகோள் தேடுவோர் செய்வதும் இதுவே. வானின் ஒரு பகுதியிலுள்ள விண்மீன் அனைத்தையும் படத்திற் குறித்துக்கொண்டு, மறுநாளும் அதன் மறுநாளும் அதே பகுதியை ஒப்புநோக்குவர். ஒளிப்படக் கருவி சிறுகோள் தேடலிற் புகாத அக்காலத்தில் இவ்வேலை முழுவதும் கண்ணாலும் கையாலுமே நிகழ்ந்தது.

இவ்வேலையில் வல்லவராயிருந்தவர் நோர்மன் றொபேட் போக்சன். இங்கிலாந்திலுள்ள நொற்றிங்காம் நகரில் 1829 இற் பிறந்தவர். ஒக்ஸ்போட் நகரத்து றாட்கிளிவ் வானாய்வகத்தில் உதவியாளராயிருந்த காலத்தில் 1856 இல் ஐசிசு என்னும் சிறுகோளையும், 1857 இல் அரியாட்னி, எசுத்தியா என்னும் இரண்டையும் கண்டார். விண்மீன்களின் ஒளித்தரத்தை அளக்கும் முறையை 1856 இல் வரையறுத்தவரும் இவரே. முதற்றர விண்மீன் ஆறாந்தர விண்மீனிலும் நூறு மடங்கு ஒளியுடையது எனக் கொண்டு, ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் உள்ள விகிதம் 2.512 என நிறுவினார். இன்றும் உலகெங்கும் வழங்குவது அவ்வளவையே.

போக்சன் 1861 இன் தொடக்கத்திற் சென்னை வானாய்வகத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாய்வகம் 1792 இல் நிறுவப்பெற்றது; அதனை நினைவூட்டும் கருங்கற்றூணில் தமிழிலும் கல்வெட்டு உளது. அவர் வந்து சில திங்களுள், ஏப்பிரல் 17 ஆந் திகதி, புதிய சிறுகோளொன்றைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவாதலின், அதற்கு ஆசியா எனப் பெயரிட்டார். பின்னர் 1864 இற் சாபோ, 1866 இற் சில்வியா, 1868 இற் கமில்லா, 1885 இல் வேரா என்பன தொடர்ந்தன. ஒக்ஸ்போட்டிற் கண்டனவற்றோடு கூட்ட, எட்டாயின. அவற்றுட் சில்வியாவின் குறுக்களவு ஏறக்குறைய 270 கிலோமீற்றர். அதனை இரு சிறு துணைக்கோள்கள் சுற்றுகின்றன என்பது 2005 இல் வெளியாயிற்று. இரு துணைக்கோள் உடையதாக முதன்முதல் அறியப்பட்ட சிறுகோள் அதுவே. சென்னையில் ஒளிப்புள்ளியாய்த் தோன்றியது, 139 ஆண்டு கழித்து ஒரு குடும்பமாய்த் தோன்றிற்று.

போக்சனுக்கு உறுதுணையாய் நின்றவர் முதல் உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாசாரியார். அவர் 1867 இல் தென்வானில் ஒளி மாறும் விண்மீனொன்றைக் கண்டறிந்தார். இங்கிலாந்தின் அரச வானியற் கழகம் 1872 இல் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லும் 1874 ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்க அவர் நூலொன்று எழுதினார். வானிற் கண்டதற்கு இசையப் பஞ்சாங்கத்தைத் திருத்தவேண்டும் என வாதாடி, திருக்கணித முறையிற் பஞ்சாங்கமும் வெளியிட்டார். வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கமும் வழங்கும் யாழ்ப்பாணத்தார்க்கு அவ்வாதம் புதியதன்று. கண்ணாற் கண்டதே கணிதத்துக்குச் சான்று என்பது அவர் கொள்கை.

இனி, போக்சன் கண்ட வால்வெள்ளியின் கதையைக் கூறுவாம். பீலா என்னும் வால்வெள்ளி ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை மீள்வது. அது 1846 இல் இரண்டாய்ப் பிளந்து தோன்றியது. 1852 இன் பின் எவரும் அதைக் கண்டிலர். 1872 நவம்பர் 27 ஆந் திகதி இரவு ஐரோப்பிய வானில் எரிமீன்கள் மழையெனப் பொழிந்தன. பீலாவே புவியைத் தொட்டுச் சென்றது எனக் கருதிய செருமானிய அறிஞர் கிளிங்கர்வூசு, தென்வானிற் சென்ரோரசு விண்மீன் தொகுதியருகே தேடுமாறு போக்சனுக்குத் தந்தியடித்தார். அப்பகுதி செருமனியிலிருந்து காண்டற்கு அரியது, சென்னைக்கு எளியது. முதலில் மேகம் மறைத்தது. திசெம்பர்த் தொடக்கத்தில் ஒருநாள் விடியுமுன் முகில் விலகவே, போக்சன் அங்கே ஒரு வால்வெள்ளியைக் கண்டார். மறுநாளுங் கண்டார். அதன்பின் வானம் மூடியது. வால்வெள்ளி மீண்டும் அகப்படவில்லை.

இரண்டு நாட் கண்டது போதாதோ எனின், போதாது. ஒரு பொருளின் பாதையை வரையறுக்க ஆறு எண்கள் வேண்டும். ஒருமுறை நோக்கின் இரண்டு கோண அளவுகளே கிடைக்கும். ஆதலின், தக்க இடைவெளிவிட்டு மூன்று முறையேனும் நோக்குதல் இன்றியமையாதது. பியாசியும் சீரிசை ஞாயிற்றின் ஒளியில் இழந்தவரே. ஆயினும் 41 நாள் எல்லையுள் அவர் குறித்துவைத்த அளவுகளைக் கொண்டு, 24 வயது இளைஞராகிய கௌசு அதன் பாதையைக் கணித்தார். அவ்வாண்டு முடிவில் அது மீண்டும் அகப்பட்டது. போக்சனின் வால்வெள்ளிக்கோ மூன்றாம் இரவு வாய்த்திலது. அது பீலா அன்று என்றே பிற்காலக் கணிப்பாளர் கருதினர். அது எங்கிருந்து வந்தது, எங்குச் சென்றது என்பதை எவரும் இன்றுவரை நிறுவிலர். கண்டவர் திறமையில் யாதொரு குறையும் இல்லை. இருந்தும், நூலறிவுக்கு அது பாதி கண்ட பொருளாகவே நின்றுவிட்டது.

போக்சன் முப்பதாண்டு சென்னையிற் பணிபுரிந்து, 1891 இற் பதவியிலிருந்தவாறே காலமானார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்த அவரது பெரும்பணியின் ஒரு பகுதி அவர் மறைவின் பின்னரே அச்சேறியது. அவர் மகள் ஐசிசு 1873 முதல் ஆய்வகத்தில் உதவியாளராய் உழைத்தவர். அவரை அரச வானியற் கழகத்திற் சேர்க்கத் தந்தையார் 1886 இல் முன்மொழிந்தபோது, பெண் என்னுங் காரணத்தால் அது நிறைவேறவில்லை. 1920 இலேதான் அவர் உறுப்பினராயினார்.

வேராவின் பின் நூறாண்டுக்கு மேலாக இந்திய மண்ணிலிருந்து புதுச் சிறுகோள் காணப்படவில்லை. வைணு பாப்பு என்பவர் 1949 இல் வால்வெள்ளியொன்றைக் கண்டாராயினும், அப்போது அவர் அமெரிக்காவில் மாணவராயிருந்தார். தாயகம் மீண்டு, தமிழ்நாட்டுக் காவலூரில் அவர் அமைத்த ஆய்வகத்திலே 1988 பெப்ரவரி 17 இல் இராசமோகன் கண்ட சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுசன் பெயர் சூட்டப்பெற்றது. இன்று அறியப்பட்ட சிறுகோள்கள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டன. பெருங் கருவிகள் தாமே வானைப் படம்பிடித்து ஒப்புநோக்குகின்றன. கருவி மாறிற்று, முறை மாறவில்லை. இன்றும் ஓர் இரவிற் கண்டதை மற்றோர் இரவு உறுதிசெய்தாலன்றிச் சிறுகோளென ஏற்பதில்லை.

ஆதலின், மாணவர்காள், கூரிய கண் ஒன்றே வானநூலாரை ஆக்குவதில்லை. முதல் இரவு கண்டதைக் குறித்து வைப்பதும், இரண்டாம் இரவு சென்று ஒப்பிடுவதும், மூன்றாம் இரவு வரை சோராதிருப்பதுமே அவர் தொழில். மேகம் மறைப்பது நம் கையில் இல்லை. குறிப்பேட்டைத் திறந்துவைத்துக் காத்திருப்பது நம் கையில் உளது. நகரொளி மிகாத நம் தீவுகளின் வானம் இப்பயிற்சிக்கு வாய்ப்பான களமாகும்.