விட்பியர் தேடுவது எப்படி?

பெல்ஜியம் பாணி கோதுமை பீர் வாங்க நினைத்து, கூகுளில் ஆங்கிலத்தில் ‘வீட் பீர்’ என்று மட்டும் டைப் செய்து தேடினேன். ஜெர்மன் வகைகளும் கலந்து வந்தன. தெரியாமல் அதில் ஒன்றை வாங்கிவிட்டேன். வாழைப்பழ வாசனை அடித்தது. பணம் வீண்!

தவறு நான் கொடுத்த தேடல் சொல்லில்தான். பெல்ஜியம் வகையின் பெயர் விட்பியர். முளைகட்டாத கோதுமை, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் ஆகியவை சேர்வது இதன் அடையாளம். வழக்கொழிந்திருந்த இதை 1966-ல் ஹூகார்டன் என்ற ஊரில் மீண்டும் தயாரித்தவர் பியேர் செலிஸ்.

இப்போது நான் தேடும் முறை:

1. தேடல் கட்டத்தில் விட்பியர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்.

2. ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியிட்டு, அதை ஒட்டியே ஹெஃபவைசன் என்ற ஜெர்மன் வகையின் பெயரை டைப் செய்து, என்டர் தட்டுங்கள். அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகிவிடும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டால் பலன் இருக்காது.

3. இரண்டையும் ஒப்பிடும் பக்கங்கள் வேண்டுமென்றால் கழித்தல் குறியை எடுத்துவிடுங்கள்.

4. செயின்ட் பெர்னார்டஸ் விட், அமெரிக்காவின் அலகாஷ் ஒயிட் போன்ற பெயர்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுத்துத் தேடுங்கள்.

வாங்கும்போது பாட்டிலில் உள்ள தேதியையும் பாருங்கள். நாளானால் இதன் மணம் குறைந்துவிடும்.