பூட்டு லோகாயுக்தா கதவில் இல்லை

பெங்களூரு பிரேசர் டவுனில் காத்தா என்ற சொத்துப் பதிவை மாற்றப் பணம் கேட்ட ஊழியரைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "லோகாயுக்தாவுல எல்லாம் ரகசியம் சார். கதவைச் சாத்திக்கிட்டு விசாரிப்பாங்க, உள்ளேயே பேசி மூடிடுவாங்க. கேட்டா நம்ம மேலயே கேஸ்." கோல்ஸ் பார்க்கில் நடக்கிறவர்கள் சொல்கிறார்கள், மாஸ்க் ரோடு கடையில் சொல்கிறார்கள், என்னிடம் வழக்கு கொண்டுவருகிறவர்களும் சொல்கிறார்கள். வக்கீல் தொழிலில் இருக்கிறவனுக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

இதில் பாதி அமெரிக்கத் தொடர்கள் செய்த வேலை. அங்கே கிராண்ட் ஜூரி உண்டு. கூட்டாட்சி வழக்குகளில் 16 முதல் 23 குடிமக்கள் மூடிய அறையில் உட்கார்ந்து, ஒருவர் மேல் வழக்குப் போடலாமா என்று முடிவு செய்வார்கள். நீதிபதியும் இருக்க மாட்டார், எதிர்த்தரப்பு வக்கீலும் இருக்க மாட்டார். நம்மிடமும் சென்னை, பம்பாய், கல்கத்தாவில் அந்த ஏற்பாடு இருந்தது. 1865-லேயே அதற்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். இன்றைய இந்தியாவில் அரசு ஊழியர் மேல் குற்றம் சாட்டலாமா என்று ரகசியமாக வாக்களிக்கும் ஜூரி எதுவும் கிடையாது.

ஊழல் புகார்களை விசாரிக்கும் லோகாயுக்தாவில் உண்மையில் நடப்பது என்ன? 1984-ஆம் ஆண்டு கர்நாடக லோகாயுக்தா சட்டத்தின்படி வரும் புகார் ஒரு வழி, லோகாயுக்தா போலீஸ் ஊழல் தடுப்புச் சட்டத்தில் பதிவு செய்யும் எஃப்.ஐ.ஆர். இன்னொரு வழி. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் அதிகம். முதல் வழியில் திரட்டிய தகவலை விசாரிக்கிறவர்கள் வெளியே விடக்கூடாது என்று சட்டம் அவர்களைக் கட்டுகிறது. சாட்சியை யாரும் மிரட்டாமல் இருக்கவும், குற்றம் நிரூபணமாகாத ஊழியரின் பெயர் நாறாமல் இருக்கவும் அது வேண்டியதுதான்.

எஃப்.ஐ.ஆர். வழியில் அப்படி இல்லை. உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். விசாரணை முடிந்து கோர்ட்டுக்கு வந்துவிட்டால் அது திறந்த நீதிமன்றம். சிட்டி சிவில் கோர்ட் வளாகத்துக்குப் போய் யாரும் உட்கார்ந்து கேட்கலாம். குற்றப்பத்திரிகையை மட்டும் இணையத்தில் ஏற்றத் தேவையில்லை என்று 2023-இல் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான்.

"உள்ளேயே மூடிடுவாங்க" என்பதுதான் இருப்பதிலேயே பெரிய புளுகு. ஆதாரம் இல்லை என்று போலீஸ் கொடுக்கும் பி ரிப்போர்ட்டை ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதியின் வேலை. ஏற்பதற்கு முன் புகார்தாரருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு. 2025 பிப்ரவரியில் முடா எனப்படும் மைசூரு நகர வளர்ச்சி ஆணைய வழக்கில், முதலமைச்சர் சம்பந்தப்பட்டிருந்தும், புகார்தாரருக்கு நோட்டீஸ் போனது. அவர் கோர்ட்டில் ஆட்சேபமும் தெரிவித்தார். 2022 ஜூலையில் ஒரு ஜாமீன் மனுவை விசாரித்துக்கொண்டிருந்த நீதிபதி எச்.பி. சந்தேஷ், 2016 முதல் ஏ.சி.பி. என்ற ஊழல் தடுப்புப் பிரிவு கொடுத்த பி ரிப்போர்ட்டுகளின் விவரத்தைக் கொண்டுவரச் சொன்னார். அந்த அமைப்பை அவர் 'வசூல் மையம்' என்று சாடியதும் திறந்த கோர்ட்டில்தான். அவருடைய உத்தரவுகளை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது வேறு கதை. அடுத்த மாதம், ஆகஸ்ட் 11-ஆம் தேதி, உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் ஏ.சி.பி.யையே ரத்து செய்து அதன் வழக்குகளை லோகாயுக்தா போலீசிடம் ஒப்படைத்தது.

இருட்டு எங்கேயும் இல்லை என்று சொல்ல மாட்டேன். அது இருப்பது அனுமதிக் கோப்பில். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்த்த 17ஏ பிரிவின்படி, கையும் களவுமாகப் பிடிபட்டால் தவிர, ஊழியர் பணியில் எடுத்த முடிவை விசாரிக்கவே அரசின் முன் அனுமதி வேண்டும். வழக்கு நடத்த 19-ஆம் பிரிவின்கீழ் மறுபடியும் அனுமதி. மூன்று மாதம், மேலும் ஒரு மாதம் என்ற கெடு கட்டாயமானது, தாமதிக்கும் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும் என்று விஜய் ராஜ்மோகன் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் எந்தத் துறையின் மேசையில் எந்தக் கோப்பு எத்தனை மாதமாகத் தூங்குகிறது என்று உங்களுக்கு யார் சொல்கிறார்கள்? கேட்ட தேதி, பதில் தந்த தேதி என்ற இரண்டு பத்திகளை ஒவ்வொரு துறையும் இணையத்தில் போட்டால் யார் குடியும் முழுகிவிடாது. போடாதவரை தகவல் உரிமை மனு போடுங்கள். 'விசாரணை நடக்கிறது' என்று ஒரே வரியில் மறுத்துவிட முடியாது. தகவல் தந்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று காரணம் காட்ட வேண்டும் என்பது 2007-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. மொட்டைக் கடுதாசி போதுமா? போதாது, லோகாயுக்தா புகாருக்குப் பிரமாணப் பத்திரம் வேண்டும். கேட்டால் நம் மேல் கேஸா? தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தவர் பயப்படட்டும். லஞ்சம் கொடுத்தவனும் கம்பி எண்ண வேண்டுமா? கட்டாயத்தில் கொடுத்துவிட்டு ஏழு நாளுக்குள் போலீசிடம் சொன்னால் குற்றமில்லை. பொடி தடவிய நோட்டை வாங்கிய விரலைக் கழுவிய தண்ணீர் இளஞ்சிவப்பானால் தண்டனை உறுதியா? இல்லை, பணம் கேட்டதையும் நிரூபிக்க வேண்டும்.

கடைசியாக, பிரேசர் டவுன் தமிழர்களுக்கு ஒரு திட்டு. எஃப்.ஐ.ஆர். கன்னடத்தில் இருக்கும், சம்பவ இடத்தில் எழுதும் மகஜரும் கன்னடத்தில்தான் இருக்கும். கன்னடம் சரளமாகப் பேசுகிறோம், எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் மாட்டேன் என்கிறோம். கையில் கொடுத்த காகிதத்தைப் படிக்காமல் மடித்து வைத்துவிட்டு ரகசியம் ரகசியம் என்று புலம்பினால் எப்படி? பிள்ளைகளின் கன்னடப் பாடப்புத்தகம் வீட்டிலேயே கிடக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து உட்காருங்கள்.