மழை நாலு மாசம், மின்சாரம் பன்னிரண்டு மாசம்



சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஒரு பங்கு தண்ணீரிலிருந்து வருகிறது. இது நமக்குத் தெரியும். ஆனால் மழை சில மாதம்தான் பெய்கிறது, கோடையில் ஆறு வற்றிவிடுகிறது. மின்சாரமோ தினமும் வேண்டும். அந்தக் காலத்தில் முதன்முதலில் நீர்மின் நிலையம் கட்டியவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? இந்த மாதம் அதைப் படிப்போம். ஊக்குநர்கள் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டலாம்.

தண்ணீர் எப்படி மின்சாரம் ஆகிறது?

உயரமான இடத்திலிருந்து தண்ணீரைப் பெரிய இரும்புக் குழாயில் இறக்குவார்கள். அது வேகமாக வந்து ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரத்தோடு சேர்ந்து ஜெனரேட்டர் சுழலும். மின்சாரம் பிறக்கும். இதில் தண்ணீர் செலவாவது இல்லை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அப்படியே வெளியே போகும்.

இதற்கு இரண்டு வேண்டும். ஒன்று உயரம். இன்னொன்று தண்ணீரின் அளவு. மலை எங்கேயும் போகாது. தண்ணீர்தான் கூடும், குறையும். அந்தக் காலத்தில் மின்சாரத்தைப் பெரிய அளவில் சேர்த்து வைக்க வழி இல்லை. அதனால் தண்ணீரைச் சேர்த்து வைத்தார்கள்.

சிவசமுத்திரம்: கோடையில் வந்த நெருக்கடி

மைசூர் சமஸ்தானத்தில், காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்தில் 1902-ல் மின் நிலையம் தொடங்கியது. அங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள். ஆற்றில் ஓடுகிற தண்ணீரைக் கால்வாயில் திருப்பித்தான் நிலையத்தை ஓட்டினார்கள். வெள்ளக் காலத்தில் கவலை இல்லை. கோடையில் ஆறு இளைத்தால் மின்சாரமும் இளைத்தது. சுரங்கமோ வருஷம் முழுக்க மின்சாரம் கேட்டது.

அதனால் மேலே அணை கட்டித் தண்ணீரைத் தேக்குவது என்று முடிவு செய்தார்கள். அதுதான் கிருஷ்ணராஜசாகர் அணை. தலைமைப் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா காலத்தில், 1911-ல் வேலை தொடங்கியது. பாசனத்துக்கும் அந்த அணை பயன்பட்டது.

மேலே தேக்கினால் கீழே இருப்பவர்களுக்கு என்ன ஆகும்? தஞ்சைப் பக்கம் காவிரியை நம்பிப் பயிர் வைத்தவர்களுக்காகச் சென்னை மாகாண அரசு இந்தக் கேள்வியைக் கேட்டது. பல ஆண்டு பேச்சுக்குப் பிறகு 1924-ல் ஒப்பந்தம் ஆனது. ஏரியில் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் முறை வைத்துப் பாய்ச்சுவது போலத்தான் இதுவும். தண்ணீரைத் தேக்குகிறவர் கீழே இருப்பவரைக் கேட்காமல் தேக்க முடியாது.

பைக்காரா: பெரிய அணையும் சின்னத் தொட்டியும்

நம் மாநிலத்தில் நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. கிளென்மார்கன் என்ற இடத்திலிருந்து மலையடியில் உள்ள சிங்காரா வரை 3000 அடிக்கு மேல் தண்ணீர் குழாயில் இறங்குகிறது. கோயம்புத்தூர் நூல் மில்கள் பெருகியதற்கு இந்த மின்சாரம் பெரிய துணையாக இருந்தது.

இங்கே தண்ணீரை இரண்டு விதமாகச் சேர்த்தார்கள். கிளென்மார்கனில் குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன நீர்த்தேக்கம். இதை நம் பம்பு செட்டுத் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தேவை குறைவான நேரத்தில் நிரம்பும், தேவை கூடும்போது கொடுக்கும். இது அன்றாடச் செலவுக்கு. கோடையைத் தாண்ட இது போதாது. அதற்காக மேலே முக்குருத்தி அணையைக் கட்டினார்கள். அது 1938-ல் முடிந்தது. மழைக்காலத் தண்ணீரை அங்கே பிடித்து வைத்து, கோடையில் அளந்து விட்டார்கள்.

வெளியே வந்த தண்ணீரையும் வீணாக விடவில்லை. சிங்காராவில் வேலை முடிந்த தண்ணீரைக் கொண்டே 1952-ல் மாயாறு மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பிறகு அது பவானிசாகர் அணைக்குப் போய் வயலுக்கும் பாய்கிறது. ஒரே தண்ணீர், மூன்று வேலை.

மேட்டூர்: முதலில் வயல்

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. 1937-ல் மின்சாரம் தொடங்கியது. நீர்மட்டம் 120 அடி என்று செய்தியில் சொல்வார்களே, அந்த அணைதான். இங்கே பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீர்தான் போகிற வழியில் மின்சாரமும் கொடுக்கிறது. வழக்கமாகப் பாசனத்துக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறப்பார்கள். அடைத்துவிட்டால் மின்சாரம் குறையும்.

இதற்கு ஒரு வழி கண்டார்கள். பைக்காராவையும் மேட்டூரையும் மின்கம்பியால் இணைத்தார்கள். ஒன்றில் தண்ணீர் குறைந்தால் இன்னொன்று கைகொடுக்கும்.

நமக்கு என்ன பாடம்?

நம் வீட்டு வருமானமும் ஆறு மாதிரிதான். நடவு, களை, அறுப்பு என்றால் கையில் காசு வரும். மற்ற மாதம் வராது. பள்ளிக்கூடச் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் மாதம் பார்த்து வருவதில்லை. வரும்போது பிடித்து வைக்கும் சந்தாதான் நம் முக்குருத்தி அணை. அவசரத்துக்குக் கையிருப்பில் இருக்கும் சிறு தொகை நம் கிளென்மார்கன். ஒருத்தி திருப்பிக் கட்டிய பணம் அடுத்தவளுக்குக் கடனாகப் போனால், அது சிங்காரா தண்ணீர் மாயாறுக்குப் போவது போல. ஒரு குழுவுக்கு நெருக்கடி வந்தால் இன்னொரு குழு தாங்க, நடுவில் இணைக்கும் கம்பிதான் கூட்டமைப்பு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தேக்கின தண்ணீரை முறைப்படி திறந்துவிட வேண்டும். ஊக்குநருக்கு வேண்டியவர்கள் மட்டுமே கடன் வாங்கினால், கடைமடை காய்ந்துபோகும்.

கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. நம் குழுவில் எந்தெந்த மாதம் வருமானம் அதிகம்? எந்த மாதம் வறட்சி?
2. அவசரத்துக்கு என்று தனியாக எவ்வளவு கையிருப்பு வைத்திருக்கிறோம்?
3. கடந்த ஒரு வருஷத்தில் கடனே வாங்காத உறுப்பினர் யார்? தேவை இல்லையா, கேட்கத் தயக்கமா?
4. நம் ஊர் ஏரியில் மதகும் கலங்கலும் எந்த நிலையில் இருக்கின்றன? கிராம சபையில் யார் எழுந்து பேசுவது?