பழைய கார்களும் காணாமல் போகும் ஏர்பேக்குகளும்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பொறியியல், ஊர்: ஆலங்காயம்)



எங்கள் ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி போகிற ரோட்டில் பத்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும். சென்னையிலும் பெங்களூரிலும் யாரோ ஓட்டி முடித்த கார்கள்தான் எங்கள் பக்கம் இரண்டாம் பிறவி எடுத்து ஓடுகின்றன. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக, பெண் பார்க்கப் போக, ஏலகிரிக்கு ஆள் ஏற்ற, எல்லாவற்றுக்கும் அவைதான். வாங்கும்போது நம்மவர்கள் டயர் பார்ப்பார்கள், பெயிண்ட் பார்ப்பார்கள், ஏ.சி. போட்டுப் பார்ப்பார்கள். ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அது இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். அந்த எழுத்துக்குப் பின்னால் உண்மையிலேயே பை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் அது வேலை செய்யும் விதம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் சுவரில் மோதினால் எல்லாம் ஏறக்குறைய 100 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். அதாவது நாம் ஒரு தடவை கண் சிமிட்டும் நேரம். அதற்குள் சென்சார் மோதலை உணர்ந்து, கன்ட்ரோல் யூனிட் முடிவெடுத்து, ஸ்குவிப் என்ற சின்னத் தீமூட்டிக்குக் கரண்ட் அனுப்பி, ரசாயனம் எரிந்து, வாயு நைலான் பையை நிரப்பியாக வேண்டும். பை விரிய மட்டும் சுமார் 30 மில்லி விநாடி. பழைய வண்டிகளில் அந்த ரசாயனம் சோடியம் அசைடு. அது சிதைந்து நைட்ரஜன் வாயுவைத் தரும். ஆக, ஏர்பேக் என்பது பஞ்சு மெத்தை இல்லை, ஒரு சின்ன வெடி. ஒரு தடவை வெடித்தால் அதன் வேலை முடிந்தது. மடித்து மறுபடி உள்ளே வைக்க முடியாது.

வம்பே இங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டு பைகளும் வெடித்த பழைய காருக்குப் புதுப் பை, கன்ட்ரோல் யூனிட், டேஷ்போர்டு, பெல்ட் எல்லாம் மாற்றினால் வண்டி விலைக்கே வந்து நிற்கும். இன்ஷூரன்ஸ்காரர்கள் ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதி ஏலத்தில் விட்டுவிடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் டிங்கரிங் செய்து, பெயிண்ட் அடித்து, ஸ்டியரிங் மூடியை மட்டும் புதிதாக மாட்டி விற்றால் யாருக்குத் தெரியும்? வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் கதை வேறு. ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் பெரும்பாலும் கியர் லீவருக்கு அடியில், தரையை ஒட்டி இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தாலே அது போய்விடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏராளமாக ஏலத்துக்குப் போயின. 2023 மிக்ஜாம் புயலிலும் கார்கள் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டியில் பை இருக்கும், அதற்கு உத்தரவு கொடுக்கும் மூளை இருக்காது.

சரி, பை இல்லையென்றால் எச்சரிக்கை விளக்கு எரியுமே என்று கேட்பீர்கள். எரியும், எரிய விட்டால். கன்ட்ரோல் யூனிட் ஒவ்வொரு தடவையும் ஸ்குவிப்பின் மின்தடையைச் சோதிக்கிறது. அது சுமார் 2 ஓம்தான். பையைக் கழற்றினால் சர்க்யூட் அறுந்து மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இதை மறைக்க மூன்று தந்திரங்கள் இருக்கின்றன. விளக்கையே பிடுங்கிவிடுவது ஒன்று. விளக்கின் ஒயரை ஆயில் பிரஷர் விளக்கோடு சேர்த்துக் கட்டுவது இன்னொன்று. மூன்றாவது, பை இருந்த இடத்தில் 2 ஓம் ரெசிஸ்டரைச் சொருகி மூளையையே ஏமாற்றுவது. அந்த ரெசிஸ்டர் விலை ஒரு டீ விலைகூட இருக்காது.

முதல் இரண்டையும் பிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. இன்ஜின் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ நிலையில் மட்டும் வையுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்துங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, ஐந்தாறு விநாடியில் தானாகவே அணைய வேண்டும். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் இன்ஜின் ஓடும்வரை எரிந்துகொண்டிருக்கும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால் பிடுங்கிவிட்டார்கள். அணையாமல் காத்திருந்து ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தால் ஒயரை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு குறையை ஒளிக்கவில்லை. எரியாத விளக்குதான் பொய் சொல்கிறது.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் சொந்தத்தில் யார் வண்டி வாங்கினாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். போன வருஷம் மாமாவோடு ஒரு கார் கன்சல்டிங் கடைக்குப் போனேன். வண்டி பளபளவென்று இருந்தது. சாவி போட்டேன். ஏர்பேக் விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கோடு ஜோடியாக அணைந்தது. “தம்பி, எல்லா வண்டியும் அப்படித்தான்” என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியில் போட்டுக் காட்டினேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாப்ள, பை இல்லாம வண்டி ஓடாதா?” என்றார். ஓடும் மாமா, நல்லாவே ஓடும் என்றேன். கடைசியில் விலையைக் குறைத்து அதையே வாங்கிவிட்டார். அவர் கையில் இருந்த பணத்துக்கு அந்த வண்டிதான் கிடைக்கும். ஆனால் விஷயம் தெரிந்து வாங்கினார். பாப்பாவை முன் சீட்டில் உட்கார வைப்பதில்லை, பெல்ட் போடாமல் வண்டியை எடுப்பதில்லை. தெரியாமல் வாங்கியிருந்தால்?

எஃப்.சி. இருக்கிறதே, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்க மாட்டாரா என்று சிலர் கேட்கிறார்கள். டாக்சி மாதிரி வாடகை வண்டிக்கு முதல் 8 வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பிறகு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதுவரை தகுதிச் சோதனை என்று யாரும் கூப்பிடுவதில்லை. இடையில் நாலு கை மாறினாலும் ஆர்.சி.யில் ஏர்பேக் என்று ஒரு கட்டம் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவில் டிரைவர் பை கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல்தான். பக்கத்து சீட்டுக்கு 2021 ஏப்ரலில் புது மாடல்களுக்கும், 2022 பிறந்ததிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் வந்தது. எனவே அதற்கு முந்தைய கார் பையே இல்லாமல் பிறந்திருக்கலாம். அது குற்றமில்லை. பையோடு பிறந்து அதைத் தொலைத்த வண்டி வேறு. அதில் சில மாடல்களின் பெல்ட், பை தாங்கிக்கொள்ளும் என்ற கணக்கில் மோதும்போது கொஞ்சம் இளகிக் கொடுக்கும்படி செய்யப்பட்டது. பை இல்லாவிட்டால் அந்தக் கணக்கே தப்பு.

வெளிநாட்டில் எப்படி? பிரிட்டனின் வருடாந்தரச் சோதனையான எம்.ஓ.டி.யில் 2012 முதல் ஏர்பேக் விளக்கு கோளாறு காட்டினாலே வண்டி ஃபெயில். ஜப்பானில் 2017 பிப்ரவரியிலிருந்து அந்த விளக்கு எரிந்தபடி வரும் வண்டியைச் சோதனைக்கே ஏற்பதில்லை. அதே ஜப்பானில் ஓடி முடித்த கார்கள்தான் கப்பலேறி இலங்கைக்கும் நியூசிலாந்துக்கும் போகின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடும் கார்களில் பெருவாரி அப்படி வந்தவையே. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. நடுவில் ஐந்து வருஷம் பழைய வண்டிகளே கை மாறிக்கொண்டிருந்தன. நம் நாட்டில் பழைய கார் இறக்குமதிக்கு விதி கடுமை. மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட காரைக் கொண்டுவர முடியாது, அதுவும் மும்பைத் துறைமுகம் வழியாகத்தான். ஆனால் நாம் ஊருக்குள்ளேயே இறக்குமதி செய்துகொள்கிறோம், பெங்களூரிலிருந்து!

பை இருந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. டகாட்டா கம்பெனி சோடியம் அசைடுக்குப் பதில் அம்மோனியம் நைட்ரேட் போட்டது. வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறிப் பட்டால் அது கெட்டு, வேண்டிய வேகத்தைவிட வேகமாக எரிந்து, உலோகக் கூட்டையே சிதறடித்தது. பத்துக் கோடி அளவில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நியூசிலாந்து 2018ல் அதைக் கட்டாயமாக்கியது. ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களும் அதில் அடக்கம். போலிப் பைகளும் உண்டு. 2024ல் டெல்லி போலீசார் பல கம்பெனிகளின் பெயரில் தயாரித்த 900க்கும் மேற்பட்ட போலி ஏர்பேக்குகளைப் பிடித்தார்கள். அதே 2024ல் அமெரிக்காவில், விபத்துக்குப் பின் மலிவான மாற்றுப் பை போட்ட பழைய கார்களில் மூன்று பேர் இறந்ததாக அரசே எச்சரித்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு ஒரு தனிச் சேதி. இங்கே தோலும் தையலும் தெரியாத வீடு குறைவு, சீட் கவர் தைக்கவும் ஆள் உண்டு. சீட்டுக்குள்ளேயே பக்கவாட்டுப் பை உள்ள கார்களில், கம்பெனி அந்த ஓரத்தை எளிதில் பிரியும் நூலால் தைத்திருக்கும். அதன்மேல் ஆம்பூர் ஷூ மாதிரி இரட்டைத் தையலில் தோல் கவர் போட்டால் பை எங்கே போய் விரியும்? அந்த ஓரத்தைத் திறந்து விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

ரெசிஸ்டர் தந்திரத்துக்கு விளக்கும் ஸ்கேனரும் உதவாது. கண்தான் உதவும். ஸ்டியரிங் மூடியும் டேஷ்போர்டும் ஒரே நிறமா, ஒரே மங்கலா என்று பாருங்கள். பெல்டை முழுக்க இழுத்தால் அடியில் லேபிள் இருக்கும். அதில் உள்ள தேதி வண்டியின் வருஷத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வொர்க்‌ஷாப்பில் மூடியைத் திறந்து பார்ப்பதென்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சர்வீஸ் புத்தகம் சொல்லும் நிமிஷம்வரை காத்திருங்கள். கன்ட்ரோல் யூனிட்டின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மல்ட்டிமீட்டரை ஸ்குவிப்பில் வைத்து ஓம் பார்க்கவே கூடாது, மீட்டரின் கரண்டே அதை வெடிக்க வைக்கலாம். கழற்றிய பையை மேஜையில் வைக்கும்போது மூடி மேல்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். முகத்தை அதன் நேரே கொண்டு போகாதீர்கள்.